வீதியைக் கையால் கேட்பது: மஸ்டா எம்எக்ஸ்-5 காரின் ஸ்டியரிங் உணர்வையும் கையாளுகையையும் மேம்படுத்துவது எப்படி?

பொருளாதாரத் தடைக்காலத்து யாழ்ப்பாணத்தில், கொஞ்சம் பெற்றோல் விட்டு ஸ்ராட் செய்து பிறகு மண்ணெண்ணெயில் ஓட்டப்பட்ட மொறிஸ் மைனர், ஒஸ்ரின் சோமசெற் கார்களை எங்களில் பலர் மறந்திருக்கமாட்டோம். அந்தக் கார்களுக்கு பவர் ஸ்டியரிங் கிடையாது. ஒழுங்கைக்குள் திருப்பி எடுக்கத் தோள் நோகும். ஆனால் ஓடத் தொடங்கிவிட்டால் முன்சில்லு மணலில் போகிறதா, கிரவலில் போகிறதா, மழைத் தண்ணீரில் வழுக்கப்போகிறதா என்பது ஓட்டுபவரின் உள்ளங்கைக்குத் தெரிந்துவிடும். அதிலும் 1948 இல் இங்கிலாந்தில் அறிமுகமான மொறிஸ் மைனரில் 'ராக் அன்ட் பினியன்' எனப்படும் பற்தண்டு முறை ஸ்டியரிங் இருந்தது. அந்தக் காலத்துச் சின்னக் கார்களில் அதன் ஸ்டியரிங்குக்குத் தனி மதிப்பு இருந்தது.

அதே பிரித்தானியச் சின்னக் கார்களின் மரபில் இருந்து, அவற்றின் குறைகளைக் களைந்து ஜப்பானில் உருவாக்கப்பட்டதுதான் மஸ்டா எம்எக்ஸ்-5. இன்று கனடாவிலும் பிரித்தானியாவிலும் பிரான்ஸிலும் வளரும் எங்கள் பிள்ளைகள் பாவித்த விலைக்கு வாங்கக்கூடிய ஸ்போர்ட்ஸ் கார்களில் இது முக்கியமானது. வாங்கியவுடன் பலர் செய்வது காரைப் பதிப்பதும், அகலமான ரயர் போடுவதும், சத்தம் கூடிய சைலன்சர் பூட்டுவதும்தான். செலவு போகிறது, கார் முன்பைவிட மோசமாக ஓடுகிறது. சில வேளைகளில் ஆபத்தாகவும் மாறுகிறது. தொழிற்சாலை தந்த கையாளுகையை உண்மையில் எப்படி மேம்படுத்தலாம், எதைத் தொடக்கூடாது என்பதை இக்கட்டுரை வரிசைப்படுத்துகிறது.

ஹிரோஷிமாவில் பிறந்த கார்

மஸ்டா நிறுவனம் 1920 இல் ஹிரோஷிமாவில் தக்கை உற்பத்தி செய்யும் நிறுவனமாகத் தொடங்கி, 1931 இல் மூன்று சில்லு லொறிகளைத் தயாரிக்க ஆரம்பித்தது. 1945 ஓகஸ்ட் 6 ஆம் திகதி அணுகுண்டு வீசப்பட்டபோது, நகர மையத்திலிருந்து ஏறக்குறைய 5 கிலோமீற்றர் கிழக்கே இருந்த தொழிற்சாலையை இடையில் இருந்த ஹிஜியாமா குன்று ஓரளவு காத்தது. நகரத்துக்குள் இருந்த ஊழியர்கள் பலர் உயிரிழந்தார்கள். எஞ்சிய கட்டடத்தில் மாகாண நிர்வாகமே சில காலம் இயங்கியது. அதே ஆண்டு டிசம்பரில் மூன்று சில்லு லொறி உற்பத்தி மீண்டும் தொடங்கியது. சாம்பலாகிப்போன நகரத்துக்கு முதலில் தேவைப்பட்டது பொருள் ஏற்றும் வண்டிதான். அழிவுக்குப் பிறகு ஒரு லான்ட்மாஸ்ரரோ சைக்கிளோ ஒரு குடும்பத்துக்கு என்னவாக இருந்தது என்பதைக் கண்ட எங்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

ஸ்போர்ட்ஸ் காரின் கதை 1979 இல் தொடங்குகிறது. பொப் ஹோல் என்ற அமெரிக்க மோட்டார் வாகனப் பத்திரிகையாளர், மஸ்டாவின் ஆய்வுப் பிரிவுத் தலைவராக இருந்த கெனிச்சி யமமோட்டோவிடம், பழைய பிரித்தானிய கார்களைப் போல எளிமையான, பாரம் குறைந்த, கூரை திறக்கும் கார் ஒன்றைச் செய்யலாமே என்று சொன்னார். 1989 பெப்ரவரியில் சிக்காகோ மோட்டார் கண்காட்சியில் எம்எக்ஸ்-5 அறிமுகமானது. திட்டத்துக்குத் தலைமை தாங்கிய பொறியியலாளர் தொஷிஹிகோ ஹிராய். அவர்கள் முன்வைத்த ஜப்பானியச் சொல் 'ஜின்பா இத்தாய்'. குதிரையும் சவாரி செய்பவரும் ஓருடலாவது என்பது அதன் பொருள்.

எஞ்சினின் பலத்தை நம்பி வந்த கார் அல்ல இது. 1.6 லீற்றர் எஞ்சின், ஏறக்குறைய 115 குதிரைவலு, 950 கிலோவை ஒட்டிய நிறை. முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் நிறை ஏறக்குறையச் சமமாகப் பகிரப்பட்டிருந்தது. நான்கு சில்லுகளுக்கும் மேலும் கீழும் இரு கைகள் கொண்ட 'டபிள் விஷ்போன்' தொங்கல் அமைப்பு. கியர்பெட்டியையும் பின் டிஃபரன்ஷியலையும் ஓர் அலுமினியச் சட்டம் நேராக இணைத்தது. 2016 ஏப்ரலில் பத்து லட்சமாவது எம்எக்ஸ்-5 தயாரிக்கப்பட்டது.

ஸ்டியரிங் உணர்வு என்றால் என்ன?

ஸ்டியரிங் கனமாக இருந்தால் உணர்வு நன்றாக இருக்கிறது என்று நினைப்பது பொதுவான தவறு. கனம் வேறு, தகவல் வேறு.

கார் வளைவில் திரும்பும்போது ரயரின் இரப்பர் வீதியில் பிடித்துச் சற்று முறுகுகிறது. அந்த முறுக்கு, சில்லை நேராக்க முயலும் ஒரு விசையை உண்டாக்குகிறது. அந்த விசை பற்தண்டு வழியாக உங்கள் கைக்கு வருகிறது. வளைவில் வேகம் கூடக் கூட முதலில் அது கூடும். ஆனால் ரயர் தன் பிடியின் எல்லையை நெருங்கும்போது, பிடி முற்றாக விடுபடுவதற்குச் சற்று முன்னரே, அந்த விசை குறையத் தொடங்கிவிடும். ஸ்டியரிங் திடீரென இலேசாவதுபோல் இருக்கும். "இதற்கு மேல் போகாதே" என்று கார் தரும் எச்சரிக்கை அது. உணர்வுள்ள ஸ்டியரிங் அந்த எச்சரிக்கையை உங்களிடம் கொண்டுவந்து சேர்க்கும். உணர்வற்றது மறைத்துவிடும்.

மறைப்பவை மூன்று: பொறிமுறையில் உள்ள உராய்வு, தேய்ந்த பாகங்களின் ஆட்டம், அளவுக்கு மிஞ்சிய பவர் உதவி. இம்மூன்றையும் குறைப்பதுதான் இங்கு மேம்படுத்தல் என்பது.

முதலில் பழுதைத் தேடுங்கள்

முதல் தலைமுறை எம்எக்ஸ்-5 கார்கள் இன்று 30 வயதை ஒட்டியோ தாண்டியோ இருக்கின்றன. அந்த வயதுக் காரை 'மேம்படுத்த' முதலில் செய்யவேண்டியது, அதைத் தொழிற்சாலையில் இருந்து வந்த நிலைக்குத் திருப்புவது.

காரை உயர்த்தி உறுதியான தாங்கிகளில் நிறுத்துங்கள். ஜக்கை மட்டும் நம்பி ஒருபோதும் காரின் கீழே போகவேண்டாம். சில்லை மணிக்கூட்டு முகம்போல நினைத்து 12 இலும் 6 இலும் பிடித்து ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் இருந்தால் போல் ஜொயின்ற் அல்லது சில்லின் பெயரிங் தேய்ந்திருக்கலாம். 9 இலும் 3 இலும் பிடித்து ஆட்டும்போது மட்டும் ஆட்டம் தெரிந்தால் டை ரொட் முனையைச் சந்தேகிக்கலாம். பற்தண்டைச் சட்டத்தோடு பிடித்திருக்கும் இரப்பர்களையும், ஸ்டியரிங் தண்டில் உள்ள மடியும் மூட்டையும் பாருங்கள்.

அடுத்தது தொங்கல் கைகளின் புஷ்கள். பழைய இரப்பர் வெடித்து, அமைப்பின் கோணங்கள் ஓட்டத்தின்போதே மாறிக்கொண்டிருக்கும். புதிய புஷ் போடும்போது பல கராஜ்களில் நடக்கும் தவறு ஒன்று உண்டு. கார் உயரத்தில் தொங்கும்போதே போல்ற்றை இறுக்கிவிடுகிறார்கள். கார் தரையில் இறங்கியதும் இரப்பர் நிரந்தரமாக முறுகி நின்று விரைவில் கிழிந்துபோகும். காரின் பாரம் சில்லுகளில் இருக்கும் நிலையிலேயே இறுதி இறுக்கம் கொடுக்கவேண்டும்.

பொலியூரத்தேன் புஷ் இரப்பரைவிட இறுக்கமானது. ஸ்டியரிங்கின் பதில் கூர்மையாகும். ஆனால் சத்தமும் அதிர்வும் கூடும், கிறீஸ் பராமரிப்பும் வேண்டும். நாளாந்தம் ஓட்டும் காருக்குப் புதிய இரப்பரே போதுமானது.

ரயரும் காற்றும்

வீதியைத் தொடும் ஒரே பாகம் ரயர்தான். முதல் எம்எக்ஸ்-5 வந்தது 185 மில்லிமீற்றர் அகலமான, 14 அங்குல ரயரோடு. தொழிற்சாலை பரிந்துரைத்த காற்றழுத்தம் 26 பிஎஸ்ஐ. பாரம் குறைந்த கார் என்பதால்தான் இந்தக் குறைந்த அளவு. பெரிய கார்களுக்குப் பழகிய கை 32, 35 என்று அடித்துவிட்டால், ரயரின் நடுப்பகுதி மட்டும் வீதியைத் தொட்டு, கார் கல்லில் துள்ளுவதுபோல் ஓடும். காலையில் ரயர் குளிராக இருக்கும்போது அளந்து, 1 அல்லது 2 பிஎஸ்ஐ மாற்றி ஓட்டிப் பாருங்கள். முன்சில்லின் அழுத்தமும் பின்சில்லின் அழுத்தமும் காரின் குணத்தை எப்படி மாற்றுகின்றன என்பதைச் செலவில்லாமல் கற்றுக்கொள்ளலாம்.

ரயரின் பக்கச்சுவரில் உள்ள நான்கு இலக்கங்கள் அது தயாரான வாரத்தையும் ஆண்டையும் சொல்லும். 2319 என்றால் 2019 ஆம் ஆண்டின் 23 ஆவது வாரம். பழைய எம்எக்ஸ்-5 கார்கள் பல ஆண்டில் சில ஆயிரம் கிலோமீற்றர்தான் ஓடியிருக்கும். பூ தேயாமல் இருக்கும், ஆனால் இரப்பர் காய்ந்து கல்லாகியிருக்கும். மழை நாளில் உயிரை எடுப்பது இப்படிப்பட்ட ரயர்கள்தான்.

அகலமான ரயரும் வெளியே தள்ளி நிற்கும் றிம்மும் அழகாக இருக்கலாம். ஆனால் சில்லின் மையம் ஸ்டியரிங் அச்சிலிருந்து விலகும்போது, ஒவ்வொரு பள்ளமும் பிறேக் பிடிப்பும் ஸ்டியரிங்கை இழுக்கும். வீதியில் உள்ள நீளக் கோடுகளைப் பிடித்துக்கொண்டு கார் தானாக அலையும். பலர் இதையே 'உணர்வு' என்று எண்ணிவிடுகிறார்கள். உண்மையில் இது வெறும் இரைச்சல். றிம் மாற்றுவதானால் பாரம் குறைந்ததாக, தொழிற்சாலை அளவை ஒட்டியதாகத் தேர்ந்தெடுங்கள்.

மூன்று கோணங்கள்

எம்எக்ஸ்-5 காருக்குச் செய்யக்கூடிய மிகப் பயனுள்ள, மிக மலிவான வேலை வீல் அலைன்மென்ற். சாதாரண கார்கள் பலவற்றில் முன்சில்லின் 'டோ' மட்டுமே மாற்றமுடியும். முதல் இரண்டு தலைமுறை எம்எக்ஸ்-5 இல் முன்பக்கத்தில் மூன்று கோணங்களையும், பின்பக்கத்தில் இரண்டையும் மாற்றலாம். முன் டோவைத் தவிர மற்றவற்றை மையம் விலகிய போல்ற்றுகளைத் திருப்பியே மாற்றலாம்.

'காஸ்ரர்' என்பது ஸ்டியரிங் அச்சு பின்னோக்கிச் சாய்ந்திருக்கும் அளவு. சைக்கிளின் முன் கவை சாய்ந்திருப்பதும் கையை விட்டு நேராக ஓட உதவுகிறது. காஸ்ரர் கூடினால் ஸ்டியரிங் தானாக நேராகும் விசை கூடும். கைக்கு வரும் தகவலும் கூடும்.

'கம்பர்' என்பது சில்லின் மேற்பகுதி உள்ளே சாய்ந்திருக்கும் அளவு. வளைவில் காரின் உடல் வெளிப்பக்கம் சரியும்போது வெளிச்சில்லும் சரிந்து ரயரின் ஓரம் மட்டும் வீதியைத் தொடும். முன்கூட்டியே சிறிது உள்ளே சாய்த்து வைத்தால் வளைவில் ரயர் முழுமையாகப் பதியும். அளவு மீறினால் உட்பக்கம் தேயும், நேரான வீதியில் பிறேக்கின் பிடியும் குறையும்.

'டோ' என்பது மேலிருந்து பார்க்கும்போது இரு சில்லுகளும் உள்நோக்கியோ வெளிநோக்கியோ நிற்கும் அளவு. பின்சில்லுகள் ஒருபோதும் வெளிநோக்கி நிற்கக்கூடாது. வளைவின் நடுவில் ஆக்சிலேற்றரில் இருந்து காலை எடுத்தால் காரின் பின்பக்கம் வெளியே வீசப்படும்.

வீதிப் பாவனைக்கு இந்தக் காரை வைத்திருப்பவர்கள் பொதுவாக வைக்கும் அளவுகள்: முன் கம்பர் உள்நோக்கி 1 பாகை அளவில், பின் கம்பர் 1.5 பாகை அளவில், காஸ்ரர் 5 பாகையை ஒட்டி, முன் டோ பூச்சியம், பின் டோ மிகச் சிறிதளவு உள்நோக்கி. முன்பக்கத்தில் காஸ்ரரும் கம்பரும் ஒரே போல்ற்றுகளால் மாறுவதால் ஒன்றைக் கூட்டினால் மற்றது குறையலாம். இடமும் வலமும் சமமாக இருப்பது பெரிய எண்ணைவிட முக்கியம். அளக்கும்போது ஓட்டுநர் இருக்கையில் உங்கள் நிறைக்குச் சமமான பாரத்தை வையுங்கள். 950 கிலோ காரில் 75 கிலோ மனிதர் என்பது 8 வீதத்துக்குக் கிட்டிய மாற்றம்.

எச்சரிக்கை ஒன்று: இந்தப் போல்ற்றுகள் காலப்போக்கில் புஷ்ஷின் உள்ளே துருப்பிடித்து ஒட்டிக்கொள்ளும். அப்படியிருந்தால் எந்த அலைன்மென்ற் இயந்திரத்தாலும் பயனில்லை. முதலில் அவற்றைக் கழற்றவோ மாற்றவோ வேண்டும்.

ஸ்பிரிங், சொக் அப்சோபர், அன்ரி ரோல் பார்

வளைவில் உள்சில்லில் இருந்து வெளிச்சில்லுக்கு எவ்வளவு பாரம் மாறும் என்பதை நிறை, வேகம், வளைவு, பாரமையத்தின் உயரம், சில்லுகளுக்கு இடையிலான அகலம் ஆகியவையே பெரும்பாலும் தீர்மானிக்கின்றன. இறுக்கமான ஸ்பிரிங் போட்டால் கார் சரிவது குறையும். மாறும் மொத்தப் பாரம் குறையாது. 'கார் சரியவில்லை, ஆகவே பிடி கூடிவிட்டது' என்ற எண்ணம் அதனால்தான் பொய்யானது.

எம்எக்ஸ்-5 இல் சில்லு மேல்நோக்கி அசைய இருக்கும் இடம் குறைவு. காரைப் பதித்தால் அந்தச் சிறிய இடமும் போய், வளைவில் ஒரு பள்ளம் வந்தவுடன் தொங்கல் அமைப்பு இரப்பர் தடுப்பில் முட்டும். முட்டிய கணத்தில் அந்தச் சில்லின் பிடி சட்டென விடுபடும். உயரத்தைக் காப்பாற்றி, தரமான புதிய சொக் அப்சோபர் போடுவதே வீதிக்குச் சரியான முதலீடு.

அன்ரி ரோல் பார் இடச்சில்லையும் வலச்சில்லையும் இணைக்கும் முறுக்குக் கம்பி. அதன் விறைப்பு விட்டத்தின் நான்காம் அடுக்கில் கூடும். 19 மில்லிமீற்றர் கம்பிக்குப் பதில் அதே வடிவில் 22 மில்லிமீற்றர் கம்பி போட்டால் வித்தியாசம் 3 மில்லிமீற்றர்தான். விறைப்போ ஏறக்குறைய 80 வீதம் கூடிவிடும். முன்பக்கக் கம்பி தடித்தால் கார் வளைவில் நேராகப் போக முயலும். பின்பக்கக் கம்பி தடித்தால் பின்பகுதி வெளியே வர முயலும். புதிதாக ஓட்டுபவர் பின்பக்கக் கம்பியைத் தொடாமல் இருப்பது நல்லது.

பவர் ஸ்டியரிங்கைக் கழற்றலாமா?

முதல் தலைமுறையில் பவர் இல்லாத பற்தண்டும், எண்ணெய் அழுத்தத்தில் இயங்கும் பவர் பற்தண்டும் இருந்தன. பவர் இல்லாததில் ஸ்டியரிங்கை அதிக சுற்றுகள் சுற்றவேண்டும். அதனால் பவர் பற்தண்டின் வேகமான பதிலையும் பவர் இல்லாததின் உணர்வையும் ஒன்றாகப் பெற, பலர் பவர் உதவியை மட்டும் நீக்குகிறார்கள்.

பெல்ற்றைக் கழற்றிவிட்டு ஓட்டுவது சரியான வழி அல்ல. ஸ்டியரிங்கைத் திருப்பும் ஒவ்வொரு முறையும் உள்ளே உள்ள பிஸ்ரன் எண்ணெயைத் தள்ளவேண்டியிருக்கும். அந்த இழுவை உணர்வை மேலும் கொன்றுவிடும். முறையாகச் செய்வதென்றால் பற்தண்டைக் கழற்றி, பிஸ்ரனின் சீலை நீக்கி, கிறீஸ் இட்டு மீண்டும் பூட்டவேண்டும். பினியனில் உள்ள முறுக்குத் தண்டு சிறிய ஆட்டத்தைத் தரும் என்பதால் சிலர் அதை வெல்டிங் செய்து பூட்டுகிறார்கள். ஸ்டியரிங்கின் உயிர்ப் பாகத்தில் செய்யும் வெல்டிங் அது. பிழைத்தால் ஓடும் வேகத்தில் ஸ்டியரிங் இல்லாமல் போகும். அனுபவமுள்ள தொழில்வல்லுநர் அன்றி வேறு யாரும் தொடக்கூடாது. பாரம் கூடிய குடும்பக் காருக்கு இந்த வேலை பொருந்தவே பொருந்தாது.

சிறிய ஸ்டியரிங் வளையம் பூட்டுவது இன்னொரு ஆசை. காற்றுப்பை உள்ள காரில் அதைக் கழற்றிவிட்டு அழகுக்காக ஒரு வளையம் போடுவது, விபத்தில் காப்பாற்றும் ஒன்றை விற்று அலங்காரம் வாங்குவதாகும்.

தொழிற்சாலையே செய்த திருத்தங்கள்

கூரை இல்லாத காரின் உடல், பள்ளங்களில் நடுங்கும். 1.8 லீற்றர் எஞ்சினோடு வந்த காலத்தில் மஸ்டாவே அடிப்பாகத்தில் மேலதிகத் தாங்குகம்பிகளைச் சேர்த்தது. பழைய 1.6 காருக்கும் அத்தகைய கம்பிகளைப் பூட்டலாம். உடல் நிலையாக இருந்தால்தான் தொங்கல் அமைப்பு தன் வேலையைச் செய்யும். ஆனால் அடிச்சட்டம் துருப்பிடித்திருந்தால் முதலில் துருவைப் பாருங்கள்.

2015 இல் வந்த நான்காம் தலைமுறையில் ஸ்டியரிங் மின் உதவிக்கு மாறியது. உணர்வு குறைந்துவிட்டது என்று ரசிகர்கள் குறைப்பட்டார்கள். 2022 மாடலில், வேகமான வளைவில் உள்பக்கப் பின்சில்லில் மிகச் சிறிதளவு பிறேக் கொடுத்து காரின் உடலைக் கீழே இழுத்து நிலைப்படுத்தும் முறையை மஸ்டா சேர்த்தது. இதற்காக ஒரு பாகத்தைக்கூட அவர்கள் கூட்டவில்லை. பின்னர் வந்த 2024 மாடலில் பற்தண்டின் உராய்வைக் குறைத்து ஸ்டியரிங்கை மீளமைத்தார்கள். ஆக, தொழிற்சாலையும் கடைசியில் தேடிப்போனது உராய்வைக் குறைப்பதைத்தான்.

எந்த வரிசையில் செய்வது?

பழுது திருத்தம், ரயரும் காற்றும், அலைன்மென்ற், சொக் அப்சோபர், தாங்குகம்பி, கடைசியாக அன்ரி ரோல் பார். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, பழகிய வீதியில் சில நாள் ஓட்டி, குறிப்பெழுதி வைத்து அடுத்ததற்குப் போங்கள். எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றினால் எது நன்மை செய்தது, எது கெடுத்தது என்று தெரியாது.

சட்டத்தையும் மறக்கவேண்டாம். பிரித்தானியாவில் காரில் செய்த மாற்றங்களைக் காப்புறுதி நிறுவனத்துக்கு அறிவிக்காவிட்டால் விபத்தின்போது இழப்பீடு மறுக்கப்படலாம். ஜேர்மனியில் தொங்கல், ஸ்டியரிங் மாற்றங்களுக்கு உரிய தொழில்நுட்ப அங்கீகாரம் தேவை. கடனெடுத்து வாங்கிய காருக்கு இது சிறிய விடயம் அல்ல.

இலங்கையில் இருக்கும் எங்களில் பெரும்பாலானோரிடம் ஸ்போர்ட்ஸ் கார் இல்லை. இருப்பது பாவித்த ஜப்பானிய காரோ, வானோ, ஓட்டோவோதான். ஆனாலும் இங்கு சொன்னவற்றில் பாதி அவற்றுக்கும் பொருந்தும். குளிரில் அளந்த காற்றழுத்தம், வயது பார்த்த ரயர், ஆட்டம் இல்லாத போல் ஜொயின்ற், பள்ளத்தில் விழுந்த பிறகு செய்யும் அலைன்மென்ற் ஆகியவை குடும்பத்தோடு ஏ9 வீதியில் இரவில் வரும் எந்த வாகனத்துக்கும் தேவை.

உதிரிப்பாகம் வராத காலத்தில் அந்தப் பழைய கார்களை ஓடவைத்த எங்கள் மெக்கானிக்மார், ஸ்டியரிங்கை ஒருமுறை பிடித்து ஆட்டிப் பார்த்தே எங்கே தேய்ந்திருக்கிறது என்று சொல்வார்கள். புதிதாக வாங்கிப் பூட்டுவதற்கு அவர்களிடம் ஒன்றும் இருக்கவில்லை. இருப்பதை அறிந்து, தேய்ந்ததைத் திருத்தி, அளவாக இறுக்கினார்கள். இன்று ரொறன்ரோவில் ஓர் எம்எக்ஸ்-5 வைத்திருக்கும் பேரப்பிள்ளைக்கும் தொடங்கவேண்டிய இடம் அதுதான்.